குதிகாலில் ஒட்டிய பிசின்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வேலை ஒரு மணிக்குத் தொடங்கும். இல்ஃபோர்ட் பக்கத்தில் ஒரு விளையாட்டு நிலையம். பின்னால் உள்ள சாமான் அறையைத் திறந்து, சக்கரம் பூட்டிய இரண்டு கோல் சட்டங்களையும் மண்டபத்துக்குள் தள்ளிவந்து, தரையில் உள்ள கொளுக்கிகளில் மாட்ட வேண்டும். இரண்டு மணிக்கு ஹேண்ட்போல் குழு வரும். நான்கு மணிக்கு கோல்களை அகற்றிவிட்டு பட்மின்டன் வலை கட்ட வேண்டும். இடையில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருப்பேன். யாராவது விழுந்தால் ஐஸ் பை எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு.

லண்டனுக்கு வருமுன் பதினொரு வருடம் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் இருந்தேன். அந்தப் பதினொரு வருடத்தில் ஹேண்ட்போலைப் பற்றி நான் எழுதியது இரண்டு பத்தி. அதுவும் வெளிநாட்டுச் செய்தி ஒன்றின் சுருக்கம். யார் வென்றார்கள் என்பது இப்போது நினைவில் இல்லை. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், கையால் எறிய வேண்டும், கோலுக்கு முன்னால் உள்ள ஆறு மீற்றர் வளைவுக்குள் கோல் காவலாளியைத் தவிர யாரும் கால் வைக்கக்கூடாது என்பதெல்லாம் இந்தக் கதிரையில் இருந்து கற்றதுதான்.

அந்தப் பெண் ஒரு மணி இருபதுக்கு வந்துவிடுவார். மற்றவர்கள் இரண்டு மணிக்கும் இரண்டே காலுக்கும் இடையில் ஒவ்வொருவராக வருவார்கள். போலந்துக்காரி ஒருவர், ருமேனியர், கிரேக்க மாணவிகள், பிரெஞ்சுப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பிக்கும் ஒரு ஆசிரியை. வேலை முடிந்த களைப்போடு வந்து, களைப்போடு போகிறவர்கள். இவர் மட்டும் நாற்பது நிமிடம் முன்னதாக வந்து, சுவரோடு சாய்ந்து இருந்து, வலது கையின் விரல்களுக்கு ஒவ்வொன்றாக வெள்ளை டேப் சுற்றுவார். டேப்பைப் பல்லால் கிழிக்க மாட்டார். சிறிய கத்தரிக்கோல் ஒன்று வைத்திருந்தார். அதைப் பார்த்தபோதே இவர் சம்பளத்துக்கு விளையாடியவர் என்று நினைத்தேன்.

நினைத்தது சரி. ரஷ்யாவில் பிறந்தவர். வயது நாற்பத்து மூன்று. பதினேழு வயதில் முதல் ஒப்பந்தம், முப்பத்தாறில் கடைசி. இப்போது பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு பார்சல் கிடங்கில் காலை ஷிப்ட். கணவர் லித்துவேனியர், லிப்ட் பழுதுபார்ப்பவர். அவருடைய வேலைதான் இவர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தது. இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க, நான் கோல் வலையின் முடிச்சுகளைச் சரிபார்க்கும் நேரங்களில், துண்டு துண்டாகச் சொன்னார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இருவரும் வயது வந்த பிறகு கற்றுக்கொண்ட ஆங்கிலம். அதனால் தேவையில்லாத சொற்கள் குறைவு.

முதலில் பேச நேர்ந்தது பிசினால்.

மண்டபத்தின் வாசலில் ஒரு அறிவிப்பு இருக்கிறது. பிசின் பாவிக்கக்கூடாது. ஐரோப்பாவில் ஹேண்ட்போல் விளையாடுகிறவர்கள் விரல்களில் ஒரு மஞ்சள் பிசின் தடவிக்கொள்வார்கள். பந்து கையோடு ஒட்டும். ஒரு கையால் பிடிக்கலாம், மணிக்கட்டைத் திருப்பி நினைத்த பக்கம் எறியலாம். ஆனால் அது தரையிலும் ஒட்டும். எங்கள் மண்டபத்தில் அதே தரையில் பட்மின்டன், மூத்தோர் உடற்பயிற்சி, பிள்ளைகளின் நடனம் எல்லாம் நடக்கின்றன. ஆகவே தடை. இங்கிலாந்தில் அநேகமான மண்டபங்களில் அப்படித்தான் என்று சொன்னார்கள்.

விளையாடும்போது அந்தப் பெண் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குனிந்து சப்பாத்து நாடாவைச் சரிசெய்தார். முதல் இரண்டு வாரம் எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாவது வாரம் எண்ணினேன். பதினாறு தடவை. யாருடைய நாடாவும் இரண்டு மணி நேரத்தில் பதினாறு தடவை அவிழாது. அவர் தொட்டது நாடாவையும் அல்ல. சப்பாத்தின் பின்பக்கம், குதிகாலுக்கு மேலே, சுண்டங்காய் அளவில் ஒரு உருண்டை ஒட்டியிருந்தது.

அடுத்த ஞாயிறு, மண்டபத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது கேட்டேன்.

"சப்பாத்தில் இருப்பது பிசினா?"

"ஆம்."

"தடை செய்யப்பட்டது."

"தெரியும். அறிவிப்பு பெரிய எழுத்தில் இருக்கிறது."

"தரையில் அடையாளம் விழுகிறது."

"எத்தனை?"

"போன வாரம் ஒன்பது."

டேப் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "எண்ணினீர்களா?"

"எண்ணினேன்."

"எழுதப் போகிறீர்களா?"

"இன்னும் எழுதவில்லை," என்றேன்.

எழுதாததற்குக் காரணம் இரக்கம் அல்ல. பிசின் கண்டால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். மூன்று பக்கம். பிசின் நீக்கும் திரவம் மனேஜரின் அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அதை எடுக்க இன்னொரு படிவம். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆறு மணிக்கு முன் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு பெரிய விருப்பம் இருக்கவில்லை.

பலாப்பழம் வெட்டிய எவருக்கும் பிசினுக்கு மருந்து தெரியும். வெட்டுமுன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் பூச வேண்டும். பூசாமல் விட்டால் பிறகாவது பூச வேண்டும். என் லொக்கரில் ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தல் எப்போதும் இருக்கும். துப்புரவு மருந்துகளால் குளிர்காலத்தில் விரல்கள் வெடிக்கும், அதற்காக. அதில் சிறிது எடுத்து அடையாளத்தின் மேல் தேய்த்து, ஒரு நிமிடம் விட்டு, துணியால் துடைத்தேன். பிசின் சுத்தமாகக் கழன்றது. பிறகு சவர்க்காரத் தண்ணீரால் இருமுறை துடைத்து, உலர விட்டேன். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் நான்கு மணிக்கு அதைச் செய்தேன். அவர் பார்த்தார், நன்றி சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து அடையாளங்கள் ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைந்தன.

அவருடைய தொழில் பதினொரு வயதில் ஒரு மேசையின் மேல் தொடங்கியது. வோல்கா ஆற்றோரம் ஒரு ஊர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பயிற்றுநர் வந்தார். ஓடச் சொல்லவில்லை, பாயச் சொல்லவில்லை. எல்லாப் பெண் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, மேசையில் கையை விரித்து வைக்கச் சொல்லி, சோக்கால் சுற்றிக் கோடு போட்டார். மூன்று கைகளின் கோடுகளை அழிக்காமல் விட்டார். அதில் ஒன்று இவருடையது. அடுத்த செப்டம்பரில் வேறு ஊரில் விளையாட்டு விடுதி, ஒரு அறையில் ஆறு பேர்.

"எனக்கு அந்த விளையாட்டுப் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கை பெரிதாக இருந்தது," என்றார்.

அவருடைய இடம் இடப்பக்கப் பின்வரிசை. ஒன்பது மீற்றரில் இருந்து எழும்பி, எதிரணியின் தலைகளுக்கு மேலால் எறிகிறவர். நாளுக்கு இரண்டு பயிற்சி. வெளியூர் ஆட்டங்களுக்கு இரவும் பகலும் பஸ். நாட்டு அணியின் பெரிய பட்டியலில் இரண்டு தடவை பெயர் வந்து, சிறிய பட்டியலில் இரண்டு தடவையும் வராமல் போனது. ஒலிம்பிக் போனீர்களா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்களாம். நானும் கேட்டேன். "இல்லை," என்றார். "ஒலிம்பிக் போனவர்களுக்குப் பயிற்சியில் என்னைத்தான் எதிரே நிறுத்தினார்கள்."

பிறகு கழகத்துக்குப் பணம் கொடுத்த தொழிற்சாலை கையை விரித்தது. இவர் ருமேனியா போனார், அங்கிருந்து ஹங்கேரி, அங்கிருந்து டென்மார்க்கில் ஒரு சிறு பட்டணம். எல்லாம் ஒரு வருட ஒப்பந்தங்கள். ஹங்கேரியில் மட்டும் மண்டபம் நிறைந்திருக்குமாம். வென்ற மறுநாள் பேக்கரிக்காரர் பாணுக்குக் காசு வாங்க மாட்டாராம். தோற்றால்? "வாங்குவார். ஆனால் நல்ல பாண்தான் தருவார்."

தோளில் இரண்டு சத்திரசிகிச்சை, முழங்காலில் ஒன்று. முடிவு டென்மார்க்கில், ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சியில். எறிந்த பந்து போனது. கை அதோடு சேர்ந்து போகவில்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தாராம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. லொக்கரில் இருந்த சப்பாத்துகளைக் கழகம் பார்சலில் அனுப்பியது. பயிற்றுநராகச் சேர்க்கிறோம் என்ற ஒரு கழகமும், உக்ரைனில் போர் தொடங்கிய பிறகு, கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவதை நிறுத்தியது. இதைச் சொல்லும்போதும் குரலில் மாற்றமில்லை. டேப்பின் அடுத்த முனையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் நின்றார்.

"என் கடைசி ஆட்டம் எது என்று எனக்குத் தெரியும். அது கடைசி என்று அன்றைக்குத் தெரியாது. பாதியில் வெளியே எடுத்தார்கள். மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருந்தபடி, வீட்டில் காயப்போட்ட உடுப்புகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் விளையாடிவிட்டு, கடைசி ஆட்டத்தில் உடுப்பு."

அதனால்தான் இந்தக் குழுவில் சேர்ந்தாராம். மாதச் சந்தா கட்டி விளையாடும் குழு. இரண்டு வருடமாக விளையாடுகிறார். இந்தப் பருவத்தோடு தோள் போதும் என்றுவிட்டது, வைத்தியரும் சொல்லிவிட்டார். ஏப்ரல் கடைசி ஞாயிறு, இதே மண்டபத்தில், பருவத்தின் கடைசி ஆட்டம். அதுதான் கடைசி என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு விளையாட வேண்டும். கடைசி எறியை, இதுதான் கடைசி என்று அறிந்து எறிய வேண்டும். கணவருக்குச் சொல்லியிருந்தார், அவர் அன்றைக்கு லீவு எடுத்திருந்தார். முழு அளவுத் தளம் உள்ள வேறு மண்டபம் அந்தக் குழுவுக்கு அந்தப் பக்கத்தில் கிடைக்கவில்லை.

இதைச் சொன்ன ஞாயிறு, இன்னும் ஆறு ஞாயிறுகள் இருந்தன.

பட்மின்டன் குழுவில் பதினான்கு பேர். எல்லோரும் யாழ்ப்பாணம், எல்லோரும் அறுபதை அண்டியவர்கள், கொலஸ்ட்ரோலுக்காக விளையாடுகிறவர்கள். மூன்றே முக்காலுக்கே வந்து வாசலில் நிற்பார்கள். பொறுப்பாளர் முன்பு யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். எல்லோருக்கும் மாஸ்டர். எனக்கும்.

"உந்த மனுசி எறியிற எறிக்கு எங்கட வீட்டுச் சுவரெண்டா ஓட்டை விழுந்திருக்கும்," என்றார் ஒருவர் அந்த ஞாயிறு.

"உங்கட வீட்டுச் சுவருக்கு எறி தேவையில்லை, அண்ணை. ஒரு தும்மல் காணும்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். "தம்பி, உவையளுக்கு ரெண்டு மணித்தியாலம், எங்களுக்கு ஒண்டரை. உது எந்தக் கணக்கிலை சரி?"

"புக்கிங் அப்பிடி, மாஸ்டர்."

"மாத்தேலாதோ?"

"அவை விட்டாத்தான்."

"விடுற முகமாத் தெரியேல்லை."

நான்கு அடித்தது. ஹேண்ட்போல்காரர்கள் நிறுத்தவில்லை. பயிற்சியின் முடிவில் ஆளுக்கொரு எறி என்று தொடங்கியது நீண்டுகொண்டே போனது. நான் எழுந்து கையைக் காட்டினேன். இன்னும் ஒன்று என்று அந்தப் பெண் விரலைக் காட்டினார். நான்கு பத்துக்குத்தான் வெளியேறினார்கள். பதினான்கு பேரும் றாக்கெட்டுகளோடு உள்ளே வந்து நின்றுவிட்டார்கள். பத்து நிமிடம் போய்விட்டது என்று மாஸ்டர் இரண்டு தடவை சொன்னார்.

நான் கோல்களைத் தள்ளி வைத்துவிட்டு, எண்ணெய்ப் போத்தலோடு முழங்காலில் இருந்து தேய்த்தேன். எண்ணெய் குளிரில் வெண்ணெய் போல உறைந்து கிடந்தது. விரலால் தோண்டி எடுத்தேன். ஐந்து அடையாளங்கள். அவற்றில் மூன்று, கோல் இருந்த இடத்துக்குப் பக்கத்தில். பிசின் போனது. துணியால் துடைத்தேன். சவர்க்காரத் தண்ணீர் எடுக்கப் போகவில்லை. வாளி சாமான் அறையின் அடுத்த முனையில் இருந்தது. வலை இன்னும் கட்டவில்லை. குனிந்து பார்த்தேன், தரை நன்றாகத்தான் தெரிந்தது. தேங்காயெண்ணெய் குளிர்ந்த தரையில் மெழுகு போல் படிந்து கிடக்கும், ஒரு சப்பாத்தின் சூடு பட்டால்தான் உருகும் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

நான்கே கால் ஆகி ஐந்து நிமிடம். மாஸ்டர் உயரமாக வந்த சட்டில் பந்துக்காகப் பின்பக்கம் போனார். அடித்தார். இடது கால் முன்னால் போனது. உடம்பு பின்னால் இருந்தது. இடது கையை ஊன்றினார். அந்தச் சத்தத்தை எல்லோரும் கேட்டோம்.

"மாஸ்டர், அசையாதையுங்கோ," என்று ஐஸ் பையோடு ஓடினேன்.

"அசையச் சொன்னாலும் ஏலாது, தம்பி."

சுற்றி நின்றவர்களில் ஒருவருக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "மாஸ்டர், சட்டில் உள்ளயோ வெளியயோ?"

"உள்ள," என்றார் மாஸ்டர், கண்ணை மூடியபடி.

பிறகு நல்ல கையைத் தரையில் தடவி, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். இருவர் தாங்கிப் பிடித்து, காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். மணிக்கட்டு முறிவு.

சம்பவப் படிவத்தை அதே நாளில் நிரப்ப வேண்டும். நான் எழுதியது இது. மாலை நான்கு மணியளவில் ஹேண்ட்போல் குழு வெளியேறிய பின் தளத்தில் பிசின் அடையாளங்கள் காணப்பட்டன. அவை துடைக்கப்பட்டன. நான்கு இருபதுக்குப் பட்மின்டன் குழு உறுப்பினர் ஒருவர் அதே பகுதியில் வழுக்கி விழுந்தார்.

மூன்று வசனம். ஒன்றும் பொய்யில்லை. துடைத்தது யார் என்று இல்லை, எதனால் என்று இல்லை. காரணம் என்று எதையும் நான் குறிப்பிடவில்லை. இரண்டு உண்மைகளை அடுத்தடுத்து வைத்தால் மூன்றாவதை வாசகரே எழுதிக்கொள்வார். அதை நான் பதினொரு வருடம் செய்திருக்கிறேன். திங்கட்கிழமை மனேஜர், என்னைவிட இருபது வயது குறைந்த, மரியாதையான பெண், படிவத்தை வாசித்துவிட்டு, எல்லோரும் இவ்வளவு தெளிவாக எழுதினால் எவ்வளவு நல்லது என்றார்.

அன்று பின்னேரம் மாஸ்டர் தொலைபேசியில் வந்தார்.

"என்ன மாதிரி, மாஸ்டர்?"

"பிளாஸ்டர் போட்டிருக்கு. ஆறு கிழமை. மனுசி சந்தோசமாயிருக்கிறா, இனி நான் வீட்டிலை நிப்பனாம்." குரலைத் தாழ்த்தினார். "தம்பி, எனக்கு மணம் தெரியாதெண்டு நினைக்காதையும்."

"இல்லை, மாஸ்டர்."

"இருபத்தெட்டு வருசமா எங்கட வீட்டிலையும் அதே எண்ணெய்தான். சென்டர்க்காரர் எடுத்துக் கேட்டவை. நான் ஒண்டும் சொல்லேல்லை. பிசினெண்டு அவையளே சொல்லிச்சினம், நான் ஓமெண்டன். நீர் எங்கட ஆள். வேலையை விட்டிட்டு இந்த வயசிலை எங்கை போவீர்?"

நான் நன்றி சொன்னேன்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. தடையை மீறிப் பிசின் பாவித்ததால் ஹேண்ட்போல் குழுவின் முன்பதிவு உடனடியாக ரத்து. அந்த நேரத்தில் ஒரு மணித்தியாலம் பட்மின்டனுக்கு, ஒரு மணித்தியாலம் நடனத்துக்கு. தரையைச் சுத்தம் செய்ய வெளியில் இருந்து ஒரு கம்பனி வெள்ளிக்கிழமை இயந்திரத்தோடு வந்து போனது.

ஞாயிறு ஒரு மணி இருபதுக்கு அந்தப் பெண் வந்தார். விளையாட்டு உடுப்பு இல்லை. கறுப்புக் கோட், கையில் பெரிய மடித்த பை.

"எங்கள் பந்துகள் உங்கள் அறையில் இருக்கின்றன. எடுக்க வந்தேன்."

கம்பிக் கூட்டைத் திறந்து கொடுத்தேன். பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, கையால் ஒருமுறை அழுத்திப் பார்த்து, பையில் போட்டார். பன்னிரண்டு பந்து. ஏழாவது பந்தில் சொன்னேன்.

"அவர் விழுந்தது பிசினால் அல்ல. நான் பூசிய எண்ணெயால்."

"தெரியும்," என்றார். "தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டு அன்றைக்குத் திரும்பி வந்தேன். நீங்கள் முழங்காலில் இருந்தீர்கள். மண்டபம் கேக் கடை மாதிரி மணந்தது."

"ஏன் சொல்லவில்லை?"

"எங்கள் செயலாளர் என்னிடம் கேட்டது ஒரு கேள்வி. பிசின் போட்டாயா? போட்டேன். எண்ணெய் பற்றி யாரும் கேட்கவில்லை." எட்டாவது பந்தை அழுத்தினார். "நீங்கள் எழுதினீர்களா, எண்ணெய் என்று?"

"இல்லை."

தலையை ஆட்டினார். கோபம் தெரியவில்லை. கிடங்கில் ஒரு பார்சலின் முகவரியைச் சரிபார்ப்பவர் போல இருந்தது. கடைசிப் பந்தைப் பையில் போடாமல் வலது கையில் வைத்துக்கொண்டு, சாமான் அறையின் வாசலில் நின்று மண்டபத்தைப் பார்த்தார். கோல்கள் சுவரோடு நின்றன.

"அப்படியென்றால் போன ஞாயிறுதான்," என்றார். "மறுபடியும் தெரியாமலே முடிந்துவிட்டது."

கம்பிக் கூட்டின் கதவைச் சாத்தினேன்.

"யோசித்துப் பார்த்தேன். பஸ்ஸிலும் யோசித்தேன். கடைசியாக என்ன எறிந்தேன் என்று ஞாபகம் வரவில்லை. நீங்கள் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். எண்ணுகிறவர்தானே."

எனக்கு நினைவிருந்தது. அதை நான் தெரிந்தே பார்த்தேன் என்று சொல்ல முடியாது. நேரம் கடந்துவிட்டதே என்ற எரிச்சலில் பார்த்தேன். எரிச்சலில் பார்ப்பவை நன்றாகப் பதிகின்றன.

"நான்கு மணி எட்டு," என்றேன். "இன்னும் ஒன்று என்று எனக்கு விரலைக் காட்டினீர்கள். பந்தைத் தந்தது போலந்துக்காரி, நடுவில் இருந்து. அதற்கு முன் குனிந்து குதிகாலைத் தொட்டீர்கள். மூன்று அடி வைத்தீர்கள். இடது காலில் எழும்பினீர்கள், ஒன்பது மீற்றர்க் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே. எதிரே ஒருவரும் தடுக்கவில்லை, அவர்கள் கூம்புகளைப் பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள். காவலாளி மட்டும் நின்றார், வலப்பக்கம் போனார். நீங்கள் மேலே எறிந்தீர்கள். பந்து மேல் சட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் பட்டு, நேரே கீழே தரையில் விழுந்து, வெளியே வந்தது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனீர்கள்."

கேட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய இடது கால் ஒருமுறை இலேசாக உயர்ந்து இறங்கியது.

"கோடு?" என்று கேட்டார். "பந்து விழுந்தது கோட்டுக்கு உள்ளேயா?"

நான் இருந்தது வாசல் பக்கம், தளத்தின் நடுக்கோட்டுக்கு நேரே வெளியே. அங்கிருந்து கோல் கோடு சாய்ந்துதான் தெரியும். கம்பம் மறைத்தது. உள்ளே என்று சொன்னால் சரிபார்க்க யாருமில்லை.

"என் கதிரையில் இருந்து தெரியவில்லை," என்றேன்.

முதல் தடவையாகச் சிரித்தார். சத்தமில்லாத, களைத்த சிரிப்பு. "இதில் மட்டும் இவ்வளவு கவனம்," என்றார்.

பந்தைப் பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து, இடது தோளில் மாட்டிக்கொண்டார். வலது கையால் எனக்குக் கை தந்தார். டேப் சுற்றாத விரல்கள். பெரிய கைதான். போய்விட்டார்.

திங்கட்கிழமை இரண்டாவது படிவம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். துடைத்தவர் நான், துடைத்தது தேங்காயெண்ணெயால், சவர்க்காரம் பாவிக்கவில்லை. மனேஜர் இரண்டு தடவை வாசித்தார். முதல் படிவத்தைப் பற்றி அவர் சொன்னதை இருவரும் நினைத்திருப்போம். காப்புறுதிக்காரருக்கு ஏற்கெனவே அனுப்பியாயிற்று, நேரங்களும் கொடுத்தாயிற்று, பிசின் எப்படியும் தடைதான் என்றார். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. இரண்டாவது படிவம் முதலாவதின் பின்னால் ஆவணக் கோவையில் போனது. பத்திரிகையிலும் திருத்தங்களை நாங்கள் உள்பக்கத்தில், சிறிய எழுத்தில்தான் போடுவோம்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கே மாஸ்டர் பிளாஸ்டரோடு வந்து என் கதிரையில் இருந்தார். மற்றவர்கள் விளையாடினார்கள்.

"என்ன தம்பி, முகம் சரியில்லை?"

"ஒண்டுமில்லை, மாஸ்டர். எண்ணெய் எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

அவர் பிளாஸ்டர் கையை மடியில் இறக்கினார். "அப்ப நான் சொன்ன பொய் வீண்," என்றார். "அந்தப் பிள்ளை திரும்ப வருதோ?"

"இல்லை."

"அப்ப ரெண்டு பேரும் சொன்னது வீண்."

ஐந்தரைக்கு எல்லோரும் போன பிறகு, தளத்தின் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். பிசின் பூசிய பந்து விழும் இடத்தில் அடையாளம் விடும். அன்று அந்த இடத்தில் மூன்று அடையாளம் இருந்தது, மூன்றையும் துடைத்தவன் நான். கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. இப்போது கையை வைத்துத் தடவினேன். கம்பனிக்காரர் நன்றாகவே சுத்தம் செய்திருந்தார்கள்.